அஞ்சல்பெட்டியின் அகமும் புறமும்

ஒரு பிரதி வாசகனைச் சென்றடையும் முன்பே வேறு சிலரால் வாசிக்கப்பட்டுவிடுகிறது என்பது நமக்குப் புதிய சங்கதியல்ல. பத்திரிகை ஆசிரியர், சென்சார் அதிகாரி, பாடநூல் குழு, பதிப்பாளரின் மைத்துனர் என்று இந்த முன்வாசகர்களின் வரிசை நீளமானது. மின்னஞ்சல் வந்தபின் இவ்வரிசையில் ஓர் எந்திரமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான கடிதங்களை அது படிக்கிறது. படித்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சொல்லில் விமர்சனம் எழுதி வைக்கிறது: விளம்பரம், பற்றுவரவு, குப்பை. எந்தச் சொல் எழுதப்பட்டது என்பது அனுப்பியவருக்குச் சொல்லப்படுவதில்லை. கூட்ட அறிவிப்பு, கண்டன அறிக்கைக்குக் கையெழுத்து, சந்தா முடிந்துபோனதென்ற ஞாபகமூட்டல் எல்லாவற்றையும் இப்போது மின்னஞ்சலில் செய்துகொண்டிருக்கிற நாம், இந்த விமர்சகர் எந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு படிக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

2013 மே மாதம் கூகுள் தன் ஜிமெயில் பெட்டியை அறைகளாகத் தடுத்தது. முதன்மை, சமூகம், விளம்பரங்கள், புதிய தகவல்கள், மன்றங்கள் என்று ஐந்து. அதுவரை வந்த வரிசையில் கிடந்த கடிதங்கள் அன்றிலிருந்து இனவாரியாகக் கிடக்கின்றன. இந்தப் பிரிப்பின் ஆதாரமான எதிர்வு ஒன்றுதான். ஒருவர் ஏதோ செய்தார், அதன் விளைவாக அவருக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது (பணம் கட்டினார், ரசீது வந்தது, கடவுச்சொல்லை மறந்தார், மாற்றுவதற்கான சுட்டி வந்தது) என்றால் அது பற்றுவரவு, ஆங்கிலத்தில் டிரான்ஸாக்‌ஷனல் என்கிறார்கள். அவர் ஒன்றும் செய்யாமலேயே, அவரைப் போன்ற ஆயிரம் பேருக்குப் போனது அவருக்கும் வந்தது என்றால் அது விளம்பரம். கேட்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. சிக்கல் அடையாளம் காண்பதில் இருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. பாட்டை அகம், புறம் என்று பிரிக்கிற மரபு ஒரு சோதனையை வைத்திருக்கிறது: காதலைப் பாடினாலும், இன்னார் என்று ஒருவரைச் சுட்டிவிட்டால் அது அகமாகாது. நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இரவு, கட்டிலில் தூக்கமில்லாத அரசி, பாசறையில் அரசன். பாட்டு நெடுகிலும் எவர் பெயரும் இல்லை. ஆனால் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது என்று ஓரிடத்தில் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆகவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். 188 அடிப் பாட்டின் வகையை ஒரு வேப்பந்தழை தீர்மானித்துவிட்டது. பாட்டு எதைப் பேசுகிறது என்ற கேள்விக்கும் அது எந்த வகை என்ற கேள்விக்கும் இடையே இப்படியொரு சின்னக் குறி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அஞ்சல் எந்திரமும் இப்படியான வேப்பந்தழைகளைத்தான் தேடுகிறது.

அது எங்கெல்லாம் தேடுகிறது? முதலில் மேலுறையில். மின்னஞ்சலுக்கு நம் கண்ணில் படாத ஒரு மேலுறை உண்டு, ஹெடர் என்பார்கள். எந்தக் கணினியிலிருந்து கிளம்பியது, எந்த வழியாக வந்தது, எப்போது வந்தது எல்லாம் அதில் பதிந்திருக்கும். அனுப்பியவர் தன்னைப் பற்றிச் சொல்வது மெய்தானா என்று பார்க்க மூன்று சோதனைகள் உண்டு. இந்தப் பெயரில் கடிதம் கொண்டுவர இந்தக் கணினிக்கு அனுமதி இருக்கிறதா என்பது எஸ்பிஎஃப். வழியில் முத்திரை உடையாமல் வந்திருக்கிறதா என்பது டிகேஐஎம். இரண்டும் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று பெயருக்குரியவர் எழுதிவைத்திருக்கும் குறிப்பு டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து, நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு இம்மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் கூடவே செய்தது. ‘இது குப்பை’ என்று பெறுநர்கள் புகார் செய்யும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பதும் விதி. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர் முகம் சுளித்தால் உங்கள் பேர் கெட்டுவிடும்.

பேர் என்றேனே, அது உவமை இல்லை. அனுப்பும் முகவரிக்கும் கணினிக்கும் நன்மதிப்பு என்றொரு கணக்கு ஓடுகிறது. சொந்தக் கணினி வைத்து அனுப்ப வசதியில்லாத சிறு அமைப்புகள் மொத்த அஞ்சல் சேவை நிறுவனங்களை நாடுகின்றன. அங்கே ஒரே எண்முகவரியைப் பலர் பங்கிட்டுக்கொள்ள நேரும். பக்கத்து வீட்டுக்காரன் செய்த பாவம் உங்கள் தலையிலும் விடியும். இதைச் சாதியோடு ஒப்பிட்டு எழுத நம் ஆட்களுக்குக் கை பரபரக்கும். எனக்கு ஒப்பில்லை. சில நூறு ரூபாய் கொடுத்தால் புதிய இணையப் பெயர் வாங்கிக்கொள்ளலாம். சாதியை அப்படி மாற்ற முடிந்திருந்தால் இந்த நாட்டின் சரித்திரமே வேறு.

மேலுறையிலேயே இன்னொரு வரி இருக்கிறது. லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப் என்று பெயர், 1998இல் தரப்படுத்தப்பட்டது. ‘இந்தப் பட்டியலிலிருந்து விலக இங்கே சொல்லுங்கள்’ என்பது அதன் பொருள். ஒருவருக்கு மட்டும் எழுதிய கடிதத்தில் இந்த வரி இருக்க நியாயமில்லை. ஆக, இது இருப்பதே கடிதம் பலருக்குப் போனது என்பதற்குச் சாட்சி. 2024 விதிகள் விளம்பரக் கடிதங்களுக்கும் சந்தாக் கடிதங்களுக்கும் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைக் கேட்கின்றன. பற்றுவரவுக் கடிதங்களுக்கு விலக்கு. நாணயமாக அனுப்புகிறவர் தன் வேலில் தானே வேப்பந்தழையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாவிட்டால் குப்பைக்குப் போகும் ஆபத்து, கட்டினால் புறம். இந்த ஒரு வரியே அறையை முடிவு செய்கிறது என்று கூகுள் சொன்னதில்லை. அனுப்பியவர் யார், உள்ளடக்கம் எத்தகையது, இதுபோன்ற கடிதங்களை மக்கள் என்ன செய்தார்கள் என்பவற்றைச் சேர்த்துப் பார்ப்பதாகவே சொல்கிறது.

உள்ளடக்கத்தை எந்திரம் படிக்கிற விதம் நம் வாசிப்பு போன்றதல்ல. பால் கிரகாம் என்பவர் 2002இல் குப்பை அஞ்சலை வடிகட்ட ஒரு நிகழ்தகவு வழியை முன்வைத்துக் கட்டுரை எழுதினார். ஒவ்வொரு சொல்லும் குப்பையில் எத்தனை முறை வருகிறது, நல்ல அஞ்சலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, கடிதத்துக்கு ஒரு மதிப்பெண் போடுவது. அதில் அவர் கண்டுபிடித்த வேடிக்கை: எழுத்தை அடர்சிவப்பாகக் காட்டும் நிறக்குறி, ஆபாசச் சொல் எதற்கும் சளைக்காமல் குப்பையைக் காட்டிக்கொடுத்தது. ஆசிரியரின் நோக்கம், அர்த்தம் எல்லாம் இறந்துவிட்டதாக நாம் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருந்ததை இவர்கள் சத்தமில்லாமல் செய்து காட்டிவிட்டார்கள். ஸ்பாம்அஸாஸின் என்ற இலவச வடிகட்டியில் ‘கேரக்டர்செட் ஃபாரவே’ என்றொரு விதி உண்டு. நிர்வாகி ஏற்கிற எழுத்துமுறைகளுக்கு வெளியிலிருந்து ஒன்று வந்தால் குப்பை மதிப்பெண் கூடும். தூரத்து எழுத்து! எவருக்குத் தூரம் என்பதை அந்த நிர்வாகியின் நாற்காலி தீர்மானிக்கிறது. யூனிகோடு பரவிய பிறகு இவ்விதியின் பல் மழுங்கிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவதாக நம் நடத்தை. 2010இல் கூகுள் ‘முன்னுரிமைப் பெட்டி’ என்ற ஒன்றைக் கொண்டுவந்து, அதன் இயக்கத்தை விளக்கும் ஒரு சிறு ஆய்வுரையையும் வெளியிட்டது. முக்கியம் என்ற சொல்லுக்கு அதில் அளிக்கப்பட்ட வரையறை கவனிக்கத்தக்கது: வந்து சேர்ந்த குறிப்பிட்ட நேரத்துக்குள் பெறுநர் அதன்மீது ஏதேனும் செய்வதற்கான நிகழ்தகவு. திறந்தீர்களா, பதில் போட்டீர்களா, எவ்வளவு சீக்கிரம்? ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படிக்கலாம் என்று ஒதுக்கிவைத்த நீண்ட கட்டுரை இந்தக் கணக்கில் முக்கியமற்றது. மின்கட்டணத்துக்குக் கடைசி நாள் என்று வந்தது முக்கியமானது. வாசிப்பின் மதிப்பை அவசரத்தால் அளக்கும் இந்தக் கருத்தியலை நாம் கண்டுகொள்ளாமல் போவது சரியல்ல.

*

விளம்பரம், பற்றுவரவு என்ற இந்த இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி அமெரிக்கச் சட்டத்திலிருந்து. கணினி வலையில் மொத்தமாகப் போன முதல் விளம்பரம் என்று சொல்லப்படுவது 1978 மே 3இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பியது. அதற்குக் கால்நூற்றாண்டு கழித்து, 2003இல், கேன்-ஸ்பாம் என்ற சட்டம் நிறைவேறியது. அது வணிகக் கடிதம் என்று ஒன்றையும், ‘பற்றுவரவு அல்லது உறவு’க் கடிதம் என்று இன்னொன்றையும் வரையறுத்தது. உறவு என்ற சொல் அதில் வாடிக்கையாளர் உறவைக் குறிக்கிறது. வேறு உறவு எதுவும் சட்டத்தின் நினைவில் இல்லை. இரண்டும் கலந்து வந்தால் ‘முதன்மை நோக்கம்’ எதுவென்று பார்க்க வேண்டும். பற்றுவரவுச் செய்தி தொடக்கத்திலேயே இல்லாவிட்டால் முழுக் கடிதமும் வணிகம். நிறுவனங்கள் உடனே பாடம் படித்துக்கொண்டன. மேலே ரசீது, கீழே சேலை.

வணிகமல்லாத மொத்தக் கடிதத்தை அச்சட்டம் தொடவில்லை. அது ஒரு நல்ல காரியம். ஆனால் சட்டம் தொடாமல் விட்டதற்கு எந்திரத்தில் அறை கட்டப்படவில்லை. அறைகளைக் கட்டியவர்கள் வணிகர்கள். அவர்கள் கண்ணில் பட்டவை கடையும் கல்லாவும்தான்.

எங்கள் நாமக்கல் பக்கத்து உதாரணம் ஒன்று. நாமக்கல் மண்டல முட்டை விலையை ஒருவர் ஐந்நூறு பண்ணையாளர்களுக்குத் தினமும் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எதையும் விற்கவில்லை; ஆகவே விளம்பரமல்ல. பண்ணையாளர் எதுவும் வாங்கி அதற்கு ரசீது வரவில்லை, ஆகவே பற்றுவரவுமல்ல. ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்காகத்தான் காலையில் எல்லாரும் காத்துக்கிடக்கிறார்கள். பலருக்குப் போவது, படத்துடன் போவது, கீழே விலகும் சுட்டி இருப்பது என்ற புறக்குறிகளால் அது விளம்பர அறையில் போய் உட்கார வாய்ப்பிருக்கிறது. அதே நாள் ஒரு வங்கி, ‘உங்கள் கணக்கு விவரம்’ என்று தலைப்பிட்டுக் கீழே கடன் வாங்கச் சொன்னால் அது முதன்மை அறைக்குப் போகவும் வாய்ப்பிருக்கிறது.

இந்த மூன்றாவது வகைக்கு நான் வைக்கும் பெயர் அழைப்பு. மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1930இல் வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு எழுதிய நடைப்பாட்டு இந்த வகை. ஒருவர் பலரை நோக்கிப் பேசுகிறார், எதையோ செய்யக் கூப்பிடுகிறார், பதிலுக்குப் பொருள் எதுவும் கைமாறுவதில்லை. விளம்பரத் தொழிலிலும் ‘செயலுக்கு அழைப்பு’ என்று ஒரு கலைச்சொல் உண்டு. ‘இப்போதே வாங்கு’ என்ற பொத்தானை அப்படிச் சொல்கிறார்கள். போராட்டத்தின் இலக்கணமும் விளம்பரத்தின் இலக்கணமும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஏவல் வினை, தேதி, இடம், ‘அனைவரும் வருக’. குறிகளை மட்டும் எண்ணுகிற எந்திரத்துக்கு உப்பெடுக்கக் கூப்பிடுவதும் உப்பு விற்பதும் ஒன்றே. அல்தூஸர் சொன்ன விளித்தல் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது: கடிதம் என்னை எப்படி விளித்தாலும், பெட்டி என்னை வாடிக்கையாளனாக விளித்துவிடுகிறது. வாடிக்கையாளனுக்கு வரக்கூடியவை இரண்டுதான், ரசீதும் ஆசைகாட்டலும்.

மோகனூரில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிறோம். அறிவிப்பு 160 பேருக்கு மின்னஞ்சலில் போகும். ஒரு மாதம் வந்தவர்கள் பதினொரு பேர். வராதவர்களைப் பார்த்துக் கேட்டால், ‘மெயிலே வரலீங்களே’ என்றார்கள். வந்திருந்தது, தள்ளுபடிச் சேலைக்கும் கோவா சுற்றுலாவுக்கும் நடுவே கிடந்தது. பலருடைய பெட்டியும் பல நிறுவனங்களுடையது, ஆகவே எந்தக் கம்பெனி என்று பேர் சொல்லிப் பயனில்லை. இதை ஒரு சதி என்று மேடையில் முழங்கிவிட்டுப் போகலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. வடிகட்டியை எடுத்துவிட்டால் பெட்டியில் கடிதமே கண்ணுக்குத் தெரியாது. லாட்டரி விழுந்த செய்திதான் தெரியும். இங்கே நடப்பது தணிக்கை அல்ல, வகையின்மை. தணிக்கையை எதிர்த்து எழுத நமக்கு மொழி இருக்கிறது, இதற்கு இன்னும் இல்லை.

*

வகை இருந்த காலமும் உண்டு. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு புக்போஸ்ட் என்றால் தெரியும். உறையை ஒட்டக்கூடாது, தபால்காரர் பிரித்துப் பார்த்து உள்ளே சொந்தக் கடிதம் இல்லையென்று உறுதி செய்ய முடிய வேண்டும், அச்சடித்த தாள் மட்டும் குறைந்த கட்டணத்தில் போகும். பதிவுபெற்ற பத்திரிகைகளுக்கு இன்னும் சலுகையான கட்டணம். அச்சிட்ட பொதுச்சொல் என்று ஒன்று இருக்கிறது, அது வியாபாரமும் இல்லை சொந்த விஷயமும் இல்லை என்பதை ஒரு காலனிய அஞ்சல் துறைகூட ஒப்புக்கொண்டிருந்தது. தவிர, அங்கே கவுண்டர் இருந்தது. ‘ஏனுங்க, இது பத்திரிகைதானுங்க’ என்று வாதாட எதிரே ஒரு முகம் இருந்தது. அந்த புக்போஸ்ட் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பதிப்பாளர்களின் முணுமுணுப்புக்குப் பிறகு 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று புத்தகங்களுக்காக ஒன்று வந்திருக்கிறது.

மின்னஞ்சல் குப்பைக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், எரிச்சலோ தொந்தரவோ தருவதற்காக மின்னஞ்சல் அனுப்புவது குற்றம் என்று ஒரு உட்பிரிவு இருந்தது. குப்பை அஞ்சல்காரர்கள் எவரும் அதில் மாட்டியதாக நாம் பேசிக்கொண்டதில்லை. கேலிச்சித்திரமும் முகநூல் பதிவும் போட்டவர்கள் அந்தப் பிரிவில் கைதானார்கள். 2015 மார்ச் 24இல் உச்சநீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் அப்பிரிவை முழுக்க ரத்து செய்தது.

குறுஞ்செய்தியின் கதை இதைவிடத் தெளிவானது. டிராய் அமைப்பு விளம்பரத் தொல்லையை ஒழிக்கக் கிளம்பி, 2011 செப்டம்பரில் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 செய்தி என்று வரம்பு கட்டியது. சில வாரங்களில் அதை 200 ஆக்கியது. விற்பனைக்காரனும் சங்கத்துக்காரனும் ஒரே வலையில் விழுந்தார்கள். ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குப் போட்டது. வணிகமல்லாத செய்திகளுக்கு அந்த வரம்பு பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று 2012 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. நான் அழைப்பு என்று சொல்லும் மூன்றாவது வகை நம் நாட்டில் ஒரு தீர்ப்பில் நிழலாகவேனும் தென்பட்டது அப்போதுதான்.

பிறகு வந்த 2018 ஒழுங்குமுறை வேறு வழியில் போனது. மொத்தமாக அனுப்ப விரும்புகிறவர் தன்னை ஒரு நிறுவனமாகப் பதிந்துகொண்டு, ஹெடர் வாங்கி, அனுப்பப்போகும் வாசகத்தை முன்கூட்டியே வார்ப்பாகக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். பெயர், தொகை, தேதி வரும் இடங்களில் மட்டும் வெற்றிடம் விடலாம். பற்றுவரவுக்கு அதில் தந்த வரையறை: வாடிக்கையாளர் ஒன்றைச் செய்த முப்பது நிமிடத்துக்குள் அது தொடர்பாகப் போகும் செய்தி. மோசடியைத் தடுக்க இதெல்லாம் உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் முப்பது நிமிடத்தில் முடிகிற உறவும், வெற்றிடம் நிரப்பும் வாக்கியமும்தான் பேச்சின் இலட்சிய வடிவம் என்றாகிவிட்டதல்லவா? 2025 பிப்ரவரித் திருத்தம் ஒவ்வொரு ஹெடரின் வாலிலும் ஓர் எழுத்தை ஒட்டச் சொன்னது. விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பற்றுவரவுக்கு டி, அரசுக்கு ஜி. உங்கள் போனை எடுத்துப் பாருங்கள், தெரியும். ரசீதாகவும் சேவையாகவும் விளம்பரமாகவும் இல்லாமல் பலரிடம் பேசலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே ஆள் அரசு. கரும்பு விவசாயிகள் சங்கத்துக்கு, வாசகர் வட்டத்துக்கு, விசைத்தறித் தொழிலாளிக்கு எழுத்தில்லை. வாட்ஸ்அப்பின் வணிகச் சேவையிலும் இதே பாகுபாடுதான். விளம்பரம், பயன்பாடு, கடவு உறுதி என்று வார்ப்புகளைப் பிரித்து விலையும் வேறு வேறாக வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதை எதிர்த்த சம்பவம் ஒன்று நமக்குப் பாடமாகலாம். 2006இல் ஏஓஎல் நிறுவனம், கட்டணம் கட்டுகிற மொத்த அனுப்புநரின் கடிதங்களை வடிகட்டியில் சிக்காமல் சேர்ப்பிக்கும் ஒரு திட்டத்தை அறிவித்தது; குட்மெயில் என்ற கம்பெனி அதன் கூட்டாளி. ஒரு கடிதத்துக்குக் கால் சென்ட்டிலிருந்து ஒரு சென்ட் வரை. மூவ்ஆன், இஎஃப்எஃப் முதலிய அமைப்புகள் சேர்ந்து, காசுள்ளவன் கடிதம் முன்னால் போகும், இல்லாதவன் கடிதம் பின்னால் அழுகும் என்று இயக்கம் நடத்தின. குட்மெயில் 2011இல் மூடப்பட்டது. 2022இல் நடந்தது வேறு மாதிரி. 2020 தேர்தல் கடிதங்களை வைத்து வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு, ஜிமெயில் வலதுசாரி வேட்பாளர்களின் கடிதங்களைக் கூடுதலாகவும், அவுட்லுக்கும் யாஹூவும் இடதுசாரிகளுடையதைக் கூடுதலாகவும் குப்பையில் போட்டதைக் காட்டியது. குடியரசுக் கட்சி கூச்சல் போட்டது. பதிவுபெற்ற அரசியல் குழுக்களின் கடிதங்கள் வடிகட்டியைத் தாண்டிப்போக கூகுள் ஒரு சோதனை ஏற்பாடு செய்தது. 2023 ஜனவரியில் அது முடிந்தது. கட்சி தொடுத்த வழக்கு 2023 ஆகஸ்டில் தள்ளுபடியானது. முதல் சம்பவத்தில் கேட்டது எல்லாருக்கும் ஒரே வாசல். இரண்டாவதில் கிடைத்தது பெரியவர்களுக்குப் பக்கவாசல்.

அதனால்தான் ‘எங்களுக்கும் ஒரு எழுத்து கொடு’ என்று டிராய்க்கு மனு எழுதும் யோசனையை நண்பர்கள் சொல்லும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. எழுத்து வந்தால் பதிவேடும் வரும், பதிவேட்டை ஒருவர் வைத்திருப்பார், எந்தச் சங்கம் சங்கம் என்பதை அவர் சொல்லுவார்.

இதற்கிடையில் செய்யக்கூடியது கைவேலைதான். எந்திரம் அகத்தின் குறியாக எடுத்துக்கொள்பவற்றில் வலுவானது பதில் கடிதம். ஆகவே கூட்ட அறிவிப்பின் முடிவில் ஒரு கேள்வி கேட்டு, ‘வர்றேன்’, ‘முடியாது’ என்று ஒரு வரி பதில் போடச் சொல்லுங்கள். முகவரிப் புத்தகத்தில் நம் முகவரியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். விளம்பர அறையில் கிடந்தால் இழுத்து முதன்மையில் போடச் சொல்லுங்கள். சந்தா ரசீதை ஒரு முகவரியிலிருந்தும் அறிவிப்பை வேறொன்றிலிருந்தும் அனுப்புவது உத்தமம். கலக்காதே என்றுதான் கூகுளின் வழிகாட்டியும் சொல்கிறது. பெரிய படம் வேண்டாம், சிவப்பு எழுத்து வேண்டாம். விலகும் வழியை ஒளிக்க வேண்டாம். விலக வழி தெரியாதவர் குப்பைப் பொத்தானை அழுத்துவார். சிலர் தலைப்பில் பொய்யாக ‘ரீ:’ என்று போட்டு, பதில் கடிதம் மாதிரி வேஷம் கட்டி அனுப்புகிறார்கள். அது சேலைக்கடைக்காரனின் தந்திரம், நமக்கு வேண்டாம். முக்கியமான கூட்டத்துக்கு 160 பேரில் நாற்பது பேரையாவது போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது இன்றைக்கும் அவசியமாகவே இருக்கிறது.